வாசலில் பதித்த கல்லில் மேடான கோடுகள்: பழுதா, வேறு ஏதாவதா? (படங்கள் உள்ளே)

சுங்கை_ஆரா_சீதா | ஞாயிறு, மாலை 5:12

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு முன்வாசலில் கார் நிற்கும் இடத்தை ஒட்டிக் கல் பதித்திருக்கிறோம். கடைக்காரர் ராஜஸ்தான் மணற்கல் என்று சொல்லிக் கொடுத்தார். மெஷினில் அறுத்தது இல்லையாம், உளி வைத்துப் பிளந்ததாம். பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரு கல்லில் மட்டும் மேல்பக்கம் முழுக்கக் கோடுகள், வலை பின்னியதுபோல். பள்ளமான கோடு இல்லை. விரலை வைத்தால் மேடாகத் தட்டுகிறது. (படம் 1, 2)

இன்னொரு கல்லில் வரிவரியாக அலை. அந்த வரிகளின் பள்ளத்தில் புழு நெளிந்த மாதிரி ஏதோ ஓடுகிறது. (படம் 3)

கொன்ட்ரேக்டர் "பழுதான கல்லு கா, பேர்த்து மாத்திடலாம்" என்கிறார். மாமியார் ஏதோ மரத்து வேர் கல்லாகிவிட்டது, எடுக்காதே என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

---

அரைகுறை | ஞாயிறு, மாலை 5:40

மாமியார் கட்சி. படம் 1 அப்படியே வேர்தான். நம்ம வீட்டு ஆலங்கன்று சுவரைப் பிடித்த மாதிரி இருக்கு.

---

பாறைப்பித்தன்_கேஎல் | ஞாயிறு, இரவு 8:05

வேர் இல்லை. இரண்டு காரணம்.

ஒன்று, வயசு. ராஜஸ்தானிலிருந்து வரும் பிளந்த மணற்கல் பெரும்பாலும் விந்தியப் படிவுகளைச் சேர்ந்தது. டெல்லி செங்கோட்டையின் கல் குடும்பம். எந்த அடுக்கிலிருந்து வெட்டினார்கள் என்பதைப் பொறுத்து 100 கோடி ஆண்டும் இருக்கலாம், 160 கோடியும் இருக்கலாம். தரையில் செடி முளைத்ததற்குக் கிடைத்திருக்கும் முதல் தடயங்களே சுமார் 47 கோடி ஆண்டுக்கு முந்தியவைதான். அந்தக் கல் படிந்த காலத்தில் வேர்விட உலகத்தில் ஒரு செடியும் கிடையாது.

இரண்டு, வடிவம். வேர் போகப்போக மெலியும், கிளை பிரியும், ஒரு திசையில் இறங்கும். உங்கள் கல்லில் கோடுகள் ஒன்றோடொன்று முட்டிக் கட்டம் கட்டியிருக்கின்றன. வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சேறு அது.

"பள்ளம் இல்லை, மேடு" என்று எழுதினீர்களே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெடிப்பு என்றால் பள்ளமாகத்தானே இருக்கணும்? சேறு வெடித்த பிறகு வெள்ளமோ காற்றோ மணலைக் கொண்டுவந்து மேலே கொட்டும். மணல் வெடிப்புக்குள் இறங்கி நிரம்பும். காலப்போக்கில் மணல் கெட்டிக் கல்லாகிவிடும், சேற்றுப் படலம் மெலிதாகவே நிற்கும். சுரங்கத்தில் உளி வைத்துப் பிளக்கும்போது கல் அந்தச் சேற்றுப் படலத்தில்தான் பிரியும். சேறு உதிர்ந்துவிடும். மணற்கல்லின் அடிப்பக்கத்தில் வெடிப்பை நிரப்பிய மணல் மட்டும் வார்ப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

அதாவது சீதா, அந்தக் கல்லைக் கவிழ்த்துப் பதித்திருக்கிறார்கள். நீங்கள் மிதிப்பது மேல்பக்கம் இல்லை, அடிப்பக்கம்.

கல்லின் ஓரத்தைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மேட்டின் குறுக்குவெட்டு தெரியணும். பக்கத்தில் ஒரு 20 சென் காசு வையுங்கள், அளவு புரியும்.

---

குளத்துக்காரன் | ஞாயிறு, இரவு 9:31

நிபோங் தெபால் பக்கம் எறா குளத்துல வேலை. ஒரு அறுவடை முடிஞ்சா தண்ணிய முழுசா எறக்கிட்டு, அடிச்சேறு வெடிக்கிற வரைக்கும் காய விடுவோம். வெடிப்பு நல்லா எறங்குனாதான் அடியில கெடக்குற கறுப்புக் கழிவு காத்துப் பட்டு சாகும். அப்புறம்தான் சுண்ணாம்பு.

பாத்த வரைக்கும் சொல்றேன். மொத வெடிப்பு நேரா நீளமா ஓடும். ரெண்டாவது வர்றது அதுல போய் செங்குத்தா முட்டி நின்னுடும். அப்ப பாத்தா எல்லாம் சதுரம் சதுரமா, ட-னா மூலை மாதிரி இருக்கும். நடுவுல மழை வந்து ஊறி, திருப்பிக் காஞ்சா மூலையெல்லாம் மழுங்கி வேற மாதிரி ஆயிடும். அக்கா படத்துல மூணு கோடு ஒரே எடத்துல கூடுற மாதிரி தெரியுது. அது ஒரு தடவ காஞ்ச சேறு இல்ல.

ஓரத்துல பாளம் சுருண்டு தூக்கிக்கும். அந்தச் சுருள் மேல தண்ணி வந்தா பிச்சுக்கிட்டு மெதந்து போயிடும்.

---

பாறைப்பித்தன்_கேஎல் | ஞாயிறு, இரவு 10:02

குளத்துக்காரண்ணே, புத்தகத்தில் படிப்பதைக் குளத்தில் பார்த்துவிட்டீர்கள். ஒரே தடவை காய்ந்தால் பெரும்பாலும் செங்கோண முட்டு. ஊறிக் காய்ந்து, மறுபடி ஊறிக் காய்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சந்திப்பு கொஞ்சம் நகர்ந்து, மூன்று கோடும் சமமாக விலகி 120 பாகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கட்டம் அறுகோணத்தை நெருங்கும்.

செவ்வாய்க் கிரகத்தில் இதே விஷயம்தான் பெரிய செய்தியானது. கேல் பள்ளத்தில் ஓடும் கியூரியாசிட்டி வண்டி சில சென்டிமீட்டர் அகலத்தில் அறுகோணக் கட்டங்களைப் படம் எடுத்தது. மூன்று கோடு கூடும் சந்திப்புகள். அங்கே ஈரமும் வறட்சியும் ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப மாறிமாறி வந்திருக்கிறது என்று 2023இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

பிய்ந்து போகும் சுருளுக்கும் பாறையில் சாட்சி உண்டு. மணற்கல்லுக்குள் தட்டையான சேற்றுச் சில்லுகள் அங்கங்கே சொருகிக் கிடந்தால், பக்கத்தில் எங்கேயோ காய்ந்த தரை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வெடிப்பு அழிந்துபோன இடத்தில்கூடச் சில்லு தப்பித்துக் கிடக்கும்.

---

ஓய்வு_வாத்தியார் | திங்கள், காலை 7:15

தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் "கட்டம் தெரிகிறது, ஆகவே காய்ந்தது" என்று ஒரே தாவலில் போய்விட வேண்டாம். தண்ணீருக்கு அடியிலேயே சேறு சுருங்கி வெடிப்பதுண்டு. நீரின் உப்பளவு மாறினால் சில வகைக் களிமண் நீரை விட்டுச் சுருங்கும். நிலநடுக்கக் குலுக்கலையும் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் கேத்னஸ் என்று ஒரு பகுதி. டெவோனியன் காலத்து (ஏறக்குறைய 40 கோடி ஆண்டுக்கு முந்திய) ஏரிப் படிவுகள், தளக்கல்லுக்குப் பேர்போனவை. அவற்றில் நடு பருத்து நுனி கூர்ந்த சிறுசிறு வெடிப்புகள் ஏராளம். 1972இல் டோனவனும் ஃபாஸ்டரும் இவை நீருக்கடியில் உண்டானவை என்று எழுதினார்கள். பாடப்புத்தகங்களிலும் அது உதாரணமாக ஏறிவிட்டது. 1991இல் ஆஸ்டினும் ரோஜர்ஸும் அதே பாறைகளைத் திரும்பப் பார்த்து, இல்லை, ஏரி வற்றிக் காய்ந்தபோது வந்த வெடிப்புகளே, அந்த விசித்திர வடிவத்துக்குச் சேற்றில் வளர்ந்த ஜிப்சம் படிகங்கள் காரணம் என்றார்கள். அதற்கும் மறுப்பு வந்தது. ஒரே கல்லை வைத்துக்கொண்டு, ஏரி நிரம்பியிருந்தது என்று ஒரு சாரார், வற்றிக் கிடந்தது என்று மறு சாரார்!

எனக்குத் தெரிந்த வழி, வெடிப்பைத் தனியாக விசாரிக்காமல் கூட யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. மழைத்துளித் தடம், உப்புப் படிகம் கரைந்துபோன சதுர அச்சு, மேடு மழுங்கிய அலைவரி, சில்லுகள். இவற்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் நான் வாயைத் திறப்பேன்.

---

அரைகுறை | திங்கள், காலை 7:48

வாத்தியாரே, வாயைத் திறக்காமலே இவ்வளவா 😄

---

சுங்கை_ஆரா_சீதா | திங்கள், மாலை 6:20

ஓரப் படம் போட்டிருக்கிறேன். (படம் 4, 5) மேடு அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகியும் இருக்கிறது. கோடுகள் எங்கேயும் பாதியில் நிற்கவில்லை, எல்லாம் இன்னொன்றில் போய்ச் சேருகின்றன.

படம் எடுக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. கட்டங்களுக்கு உள்ளே சின்னச் சின்னப் புடைப்புகள், பச்சைப்பயறு அளவில். சிலவற்றைச் சுற்றி மெல்லிய வளையம், அது மட்டும் லேசாகக் குழிந்திருக்கிறது. சாய்ந்த வெயிலில்தான் தெரிகிறது. மத்தியானம் பார்த்தால் ஒன்றும் இல்லை. (படம் 6)

---

பாறைப்பித்தன்_கேஎல் | திங்கள், மாலை 6:33

சீதா!! படம் 6ஐ இன்னும் கிட்டத்தில் எடுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து எடுங்கள்.

---

சுங்கை_ஆரா_சீதா | திங்கள், இரவு 7:50

படம் 7, 8. பக்கத்து வீட்டு அங்கிள் என்ன தொலைத்துவிட்டேன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

---

பாறைப்பித்தன்_கேஎல் | திங்கள், இரவு 8:40

ஓரப் படம் முதலில். கவிழ்ந்த கல் என்பதால் மேட்டின் உச்சிதான் வெடிப்பின் அடிமுனை. உச்சி குறுகல் என்றால் வெடிப்பு மேலே அகலமாகத் திறந்து கீழே குறுகி இறங்கியிருக்கிறது. மேலிருந்து காய்ந்த சேறு அப்படித்தான் திறக்கும். நீருக்கடி வெடிப்பிலும் இந்த வடிவம் வரலாம், அதனால் இதை மட்டும் நம்பவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் முழுக்கட்டம் கட்டாது, தனித்தனிக் கீற்றாக நின்றுவிடும். இங்கே எல்லாக் கோடும் சேர்ந்திருக்கிறது.

இப்போது புடைப்பு. எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். புடைப்பு உண்மையில் ஒரு குழி. குழிந்த வளையம் உண்மையில் குழியைச் சுற்றி எழும்பிய விளிம்பு. ஈரச்சேற்றில் துளி விழுந்தால் நடுவில் குழி, தெறித்த சேறு சுற்றிலும் விளிம்பு. மழைத்துளித் தடம் என்று நினைக்கிறேன். வாத்தியார் ஐயா?

---

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், காலை 6:50

பார்த்தேன். சேற்றுக்குள்ளிருந்து வாயுக் குமிழி வெளியேறினாலும் குழி விழும், அதை மழையென்று எண்ணிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். குமிழிக் குழிக்குத் தெறித்த விளிம்பு இராது, கொத்துக்கொத்தாகக் கூடியிருக்கும். சீதாவின் கல்லில் குழிகள் கட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, விளிம்பும் இருக்கிறது. படம் 8இல் வளையத்தின் ஒரு பக்கம் தடித்திருப்பதுபோல் தெரிகிறது. எல்லாக் குழிகளிலும் அதே பக்கம் தடித்திருந்தால், மழை காற்றில் சாய்ந்து பெய்திருக்கிறது.

மழைத்தடத்தைப் பற்றிய படிப்புக்கு வயது ஏறக்குறைய இருநூறு. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஸ்டோர்ட்டன் கல்சுரங்கத்தில், விலங்குக் காலடித் தடங்களோடு சேர்ந்து கிடந்த சிறு குழிகளை மழைத்தடம் என்று 1839இல் கன்னிங்ஹாம் சொன்னார். பிறகு நிலவியலாளர் சார்ல்ஸ் லயல் இதில் இறங்கினார். கனடாவின் பண்டி விரிகுடா, உலகிலேயே ஓதம் மிக உயரமாக ஏறி இறங்கும் இடம். அங்கே மழை பட்டுக் காய்ந்த இன்றைய சேற்றுப் பாளங்களைப் பழைய பாறைகளோடு வைத்து ஒப்பிட்டு 1851இல் கட்டுரை எழுதினார். துளியின் அளவை வைத்து அந்தக் காலத்துக் காற்று மண்டலத்தையே அளக்கலாம் என்ற யோசனையும் அவருடையதே.

அதை நடத்திப் பார்க்க 2012 வரை ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுக்கு முந்திய எரிமலைச் சாம்பலில் பதிந்த துளித்தடங்களை அளந்தார்கள். இன்றைய சாம்பலில் செயற்கையாகத் துளிகளை விழவைத்து ஒப்பிட்டார்கள். அன்றைய காற்றின் அடர்த்தி இன்றைக்கு உள்ளதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்காது என்று முடிவு சொன்னார்கள். மூன்று வருடத்தில் அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. குழியின் அளவு காற்றின் அடர்த்தியைவிட மழை எவ்வளவு கனமாகப் பெய்தது என்பதையே அதிகம் காட்டும் என்றார்கள். எனக்கு எதிர்ப்பாளர் பக்கமே நியாயம் தெரிகிறது. மழை பெய்தது என்று சொல்லத் துளித்தடம் போதும். அதற்கு மேல் அதைக் கசக்கிப் பிழிவானேன்?

சரி. வெடிப்பு, கூடவே மழை. வாயைத் திறக்கிறேன்: அந்தத் தரை வெட்டவெளியில் கிடந்தது.

---

குளத்துக்காரன் | செவ்வாய், காலை 10:14

எங்க குளத்துல மழ பேஞ்சா எல்லாம் கொழகொழன்னு ஆகி ஒரு தடமும் நிக்காது. இது எப்படி நின்னுச்சு?

---

பாறைப்பித்தன்_கேஎல் | செவ்வாய், மதியம் 1:20

அண்ணே, அதனால்தான் அது அபூர்வம். சேறு ரொம்பத் தண்ணியாக இருந்தால் குழி மூடிக்கொள்ளும், காய்ந்து இறுகியிருந்தால் குழியே விழாது. மழையும் நம்ம ஊர் மழை மாதிரி கொட்டக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடும். நாலு துளி தூறிவிட்டுப் போகணும். பிறகு வெயிலில் காயணும், அப்புறம் மேலே வரும் மணல் சேற்றை அரிக்காமல் மெதுவாக மூடணும். இதில் ஒன்று தவறினாலும் சீதா வீட்டு வாசலுக்கு வந்திருக்காது.

---

செந்தூல்_செல்வம் | செவ்வாய், மதியம் 2:05

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். ராஜஸ்தான் கல்லைப் பற்றியே பேசுகிறோம். நம்ம மலேசியாவில் இந்த மாதிரி ஒன்றும் இல்லையா? பினாங்குத் தீவு முழுக்கக் கருங்கல்தான், பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகியது, அதில் சேற்று வெடிப்பைத் தேடக்கூடாது என்பது தெரியும். கேஎல் (கோலாலம்பூர்)?

---

பாறைப்பித்தன்_கேஎல் | செவ்வாய், மாலை 5:55

கேஎல்லில் வேறு மாதிரி சாட்சி. நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பத்து மலையும் அதே குடும்பம்தான். கடலில் படிந்த கல், ஆனால் மேல்முகம் முழுக்கக் கூம்பும் குழியும் குகையும். பழைய ஈய லொம்போங்குகளில் (சுரங்கங்களில்) மண்ணை அள்ளியபோது அந்தக் கூம்புகள் வரிசையாக வெளியே வந்தன. கடல் விலகி நிலமான பிறகு மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கி அரித்த வேலை. இரட்டைக் கோபுரத்தை முதலில் குறித்த இடத்திலிருந்து 60 மீட்டர் போலத் தள்ளிக் கட்டியதற்கும் அடியில் இருந்த இந்தக் கல்லின் பள்ளம்தான் காரணம். என் தொழிலே இதில் துளை போட்டுப் பார்ப்பது, இதைப் பற்றி விடிய விடியப் பேசுவேன்.

---

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், இரவு 8:30

ஒரு திருத்தம். மண்ணுக்கு அடியிலேயே கரைந்து கூம்பான கல் காற்றைப் பார்த்ததாக ஆகாது. அது நிலமாக இருந்தது என்பதைச் சொல்லும், வெட்டவெளியில் கிடந்தது என்பதைச் சொல்லாது. இரண்டும் ஒன்றில்லை.

இன்னொரு வகைச் சாட்சி, மண்ணே கல்லாவது. மலாக்கா போனால் ஆ ஃபாமோசா வாசலைத் தொட்டுப் பாருங்கள். அது செம்பூராங்கல். வெப்பமும் மழையும் நீண்டகாலம் பட்டு, மற்றதெல்லாம் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகிய மண். வறண்ட ஊரில் அதே இடத்தில் சுண்ணாம்பு திரண்டு சுக்கான் கல் ஆகும். தமிழ்நாட்டில் கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் திட்டிக்கொண்டே விளக்குவார்கள். பழைய பாறை அடுக்குகளுக்கு நடுவில் சுக்கான் திரளைப் பார்த்தால் அங்கே ஒரு காலத்தில் மண் இருந்தது, மழை குறைவு என்று சொல்லிவிடலாம். வெடிப்பு ஒரு பருவத்துக் கதை. மண் பல்லாயிரம் ஆண்டுக் கதை.

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 8:44

கேஎல் நிலத்தடிக்குத் தனி இழை திறந்தாயிற்று. பாறைப்பித்தன் அங்கே விடிய விடியப் பேசலாம். இங்கே சீதாவின் கல் மட்டும். படம் 3ஐ இதுவரை யாரும் தொடவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

---

அரைகுறை | செவ்வாய், இரவு 9:10

படம் 3 நான் சொல்றேன். அலை, அதுக்குள்ள புழு. 100 கோடி வருசத்துப் புழு. வேர் போனா என்ன, புழு இருக்குல்ல.

---

பாறைப்பித்தன்_கேஎல் | செவ்வாய், இரவு 11:25

அரைகுறை, இந்தத் தடவை சிரிக்கமாட்டேன். 1998இல் விந்தியத்தின் சொர்ஹாட் மணற்கல்லில் கிடைத்த நெளிவுகளைப் புழு போன ஓட்டை என்று சயன்ஸ் இதழிலேயே எழுதினார்கள். எழுதியவர்கள் சைலாக்கர், போஸ், ஃப்ளூகர். அப்போது 110 கோடி ஆண்டு என்று நினைத்தார்கள். பிறகு எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் இருந்த சிர்க்கான் என்ற கனிம மணிகளை வைத்துக் கணக்கிட்டால் 160 கோடி வந்தது. அவ்வளவு பழங்காலத்தில் புழுவா என்று பலரும் ஏற்கவில்லை.

சீதாவின் படம் 3 வேறொன்று என்று நினைக்கிறேன். நெளிவுகள் அலைவரியின் பள்ளத்தோடு வளைந்து வளைந்து போகின்றன, மேட்டில் ஏறவே இல்லை. மஞ்சூரியாவில் இதே மாதிரி கிடைத்தபோது பாசிப் புதைபடிவம் என்று நினைத்து மஞ்சூரியோஃபைகஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள். இப்போது அதையும் வெடிப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் சுத்த மணல் காய்ந்தால் வெடிக்காது, உதிரும். சுருங்கி வெடிக்க ஏதாவது பிடிப்பு வேணும். அந்தக் காலத்தில் மேய நத்தை இல்லை, துளைக்கப் புழு இல்லை. மணல் மேலெல்லாம் நுண்ணுயிர்கள் கோந்து மாதிரி படலம் விரித்துக் கிடந்தன. அந்தப் படலம் பள்ளத்தில் தடிப்பாகத் தங்கும், சுருங்கும்போது அங்கேதான் கிழியும். ஆகவே இதுவும் காய்ந்த தரை.

---

ஓய்வு_வாத்தியார் | புதன், காலை 6:40

கடைசி வாக்கியத்தை ஒப்பமாட்டேன். படலம் என்பது சரி. ஆனால் படலம் தண்ணீருக்குள்ளேயும் சுருங்கிக் கிழியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கல்லில் துளித்தடம் இல்லை.

சீதா, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அலைவரியின் மேடு கூர்மையாக இருக்கிறதா, பள்ளம் கூர்மையாக இருக்கிறதா? முன்னும் பின்னும் ஆடும் அலை கூரான மேட்டையும் உருண்ட பள்ளத்தையும் உண்டாக்கும். பள்ளம் கூர்மை என்றால் இதையும் கவிழ்த்துவிட்டார்கள். அடுத்தது, மேட்டின் தலை எங்காவது சீவிவிட்டதுபோல் தட்டையாக உள்ளதா?

---

சுங்கை_ஆரா_சீதா | புதன், மாலை 6:45

பள்ளம் உருண்டைதான். மேடு சில இடத்தில் கூர்மை, கல்லின் ஒரு பாதியில் தட்டை.

---

பாறைப்பித்தன்_கேஎல் | புதன், இரவு 7:02

இது நேராகத்தான் கிடக்கிறது. தட்டையான தலை என்றால் தண்ணீர் வடிந்துகொண்டே வரும்போது மேடு முதலில் வெளியே தலைகாட்டி, மெல்லிய நீர் அதை வழித்துவிட்டுப் போயிருக்கிறது. தண்ணீர் விரற்கடைதான். அதற்கப்புறம் காய எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

---

ஓய்வு_வாத்தியார் | புதன், இரவு 7:30

வடிந்தது வரை சம்மதம். வடிந்த நீர் பள்ளத்தில் தேங்கி நின்றிருக்கலாம், நெளிவுகளும் பள்ளத்தில்தானே இருக்கின்றன. காய்ந்தது என்று கையெழுத்துப் போடமாட்டேன்.

---

சுங்கை_ஆரா_சீதா | புதன், இரவு 8:15

முடிவு: இரண்டு கல்லும் இருக்கும். கொன்ட்ரேக்டரிடம் 100 கோடி ஆண்டு மழை என்றேன். "அப்ப வெல ஏத்திருக்கலாமே கா" என்றார். கட்டத்துக்குள் மழைத்தண்ணி தேங்குமே, ஏடிஸ் கொசு வருமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பாசி பிடித்தால் கடையில் விற்கும் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

---

பாறைப்பித்தன்_கேஎல் | புதன், இரவு 8:28

ஆசிட் வேண்டவே வேண்டாம். கல்லில் இருக்கும் இரும்பு கிளம்பித் துருக்கறை பிடிக்கும், அப்புறம் போகாது. தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும். அழுத்தத் தண்ணீர் மெஷினையும் அந்த ஒரு கல்லில் காட்டாதீர்கள், புடைப்பு தேய்ந்துவிடும். கட்டத்துக்குள் நிற்கும் தண்ணீர் ஒரு வெயிலுக்குத் தாங்காது, கொசு முட்டை பொரித்துப் புழுவாகிப் பறக்க அது போதாது.

---

குளத்துக்காரன் | புதன், இரவு 9:50

எங்க குளத்து ஓரத்துல மணல் தட்டு ஒண்ணு இருக்கு. தண்ணி எறக்குறப்ப அது மேல பச்சையா வழவழன்னு ஒரு ஏடு படியும். அது தண்ணி நிக்கிறப்பவே கிழியுதா, காஞ்சப்புறம் கிழியுதான்னு கவனிச்சதில்ல. அடுத்த அறுவடைக்குப் பாத்துப் படம் போடுறேன். வாத்தியாரும் தம்பியும் அதுவரைக்கும் சண்டைய நிறுத்தி வைங்க.

---

ஓய்வு_வாத்தியார் | வியாழன், காலை 6:35

தண்ணீர் இறக்கும்போதே படம் எடுக்கத் தொடங்குங்கள் ஐயா. மணிக்கொரு படம், ஒரே இடத்தில் நின்று. காய்ந்த பிறகு எடுத்தால் தம்பி சொல்வதே சரி என்பதுபோல்தான் தெரியும்.